மின்வண்டியில் ஒரு மலைப் பயணம்

சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு நெருப்பு அயலானதன்று. எங்கள் பகுதி மழை குறைந்த நிலம். வானம் பார்த்த பூமி என்று பெரியவர்கள் கூறுவர். உழவை மட்டும் நம்பி வாழ இயலாத அந்நிலத்திற்கு, அதன் வறட்சியே ஒரு தொழிலைத் தந்தது. ஈரமில்லாத காற்றும் காய்கின்ற வெயிலும் தீப்பெட்டித் தொழிலுக்கு மிகவும் ஏற்றவை. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மீண்டனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும், அவற்றிற்கு வேண்டிய அச்சுத் தொழிலும் எங்கள் ஊரில் வேரூன்றின. இன்று இந்திய நாட்டில் வெடிக்கும் பட்டாசுகளுள் மிகப் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் செய்யப்படுபவையே.

நான் பட்டாசு ஆலை ஒன்றில் 31 ஆண்டுகள் போர்மேனாகப் பணியாற்றினேன். எங்கள் ஊர் வழக்கில் அதனைப் ‘பயர் ஆபீஸ்’ என்பர். அங்கே நுழைவோர் காலணியைக் கழற்றிவிட வேண்டும். நைலான் ஆடை கூடாது. பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். மருந்து கலக்கும் அறைக்குள் செல்லுமுன், நிலத்தில் புதைத்த கம்பியோடு இணைந்த செப்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும். உடம்பில் தங்கியுள்ள மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம் என்னும் கணக்கும் உண்டு. இவ்விதிகளுள் ஒன்று தவறினும் என்ன நேரும் என்பதை நாங்கள் அறிவோம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை எங்கள் மாவட்டம் இன்னும் மறக்கவில்லை.

இவ்விதிகள் எல்லாவற்றையும்விட மிகுதியாக நான் தொழிலாளர்களிடம் கூறிய சொல் ஒன்று உண்டு. “அவசரந்தான் முதல் தீப்பொறி” என்பதே அது. அச்சொல்லை நான் எப்போது கூறத் தொடங்கினேன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நானும் என் மனைவியும் நார்வே நாட்டிற்குச் சென்றோம். எங்கள் மகள் அந்நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவில் பணிபுரிகின்றாள். “அப்பா, உங்களுக்கு வண்டி ஓட்டுவதில் விருப்பம் மிகுதி. என் காரை எடுத்துக்கொண்டு அம்மாவோடு மேற்குக் கடற்கரை வரை சென்று வாருங்கள். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் மட்டும் வாங்கி வந்துவிடுங்கள்” என்று எழுதியிருந்தாள். அவ்வாறே விருதுநகரில் உரிமம் பெற்றுக்கொண்டு புறப்பட்டோம். என் மனைவி அதுவரை இராமேசுவரத்திற்கு அப்பால் எங்கும் சென்றதில்லை. அவள் ஒரு கம்பளிச் சால்வையும், ஒரு பாத்திரம் நிறையப் பருப்புப்பொடியும் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்லோவில் நான் முதலில் கவனித்தது சாலையின் அமைதி. அங்கு ஓடும் வண்டிகளுள் மிகப் பல மின்சாரத்தால் இயங்குபவை. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டில் விற்கப்பட்ட புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்களாகும். இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. 1989ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் ஹௌகே என்னும் சுற்றுச்சூழல் தொண்டரும், ‘ஆ-ஹா’ என்னும் புகழ்பெற்ற இசைக்குழுவினரும் மின்சாரத்தால் ஓடுமாறு மாற்றப்பட்ட ஒரு சிறிய காரில் ஏறிக்கொண்டு, சாலைக் கட்டணம் செலுத்த மறுத்து ஆஸ்லோவில் ஓட்டித் திரிந்தார்களாம். அபராதத்தையும் அவர்கள் கட்டவில்லை. அரசினர் வண்டியைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டனர். அவர்களே அதனை மீண்டும் ஏலத்தில் எடுத்து மீண்டும் ஓட்டினர். மக்கள் சிரித்தனர், பின்னர்ச் சிந்தித்தனர். பிற்காலத்தில் அரசே மின்வண்டிகளுக்குச் சாலைக் கட்டணத்தையும் வரிகளையும் நீக்கி ஊக்கம் தந்தது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 1969ஆம் ஆண்டில் தன் கடலடியில் பெரும் எண்ணெய்வளம் இருப்பதைக் கண்டறிந்து, அதனைப் பிற நாடுகளுக்கு விற்றுச் செல்வம் சேர்த்த நாடு நார்வே. தான் விற்கும் எண்ணெயைத் தன் வண்டிக்கு வேண்டாமென்று அது இன்று ஒதுக்குகின்றது. இதைக் கேட்டு நான் நகைத்தேன். என் மனைவி நகைக்கவில்லை. “நாமும் ஊராரின் தீபாவளிக்கு வெடி செய்தவர்கள்தாமே! நம் வீட்டில் கம்பி மத்தாப்பைத் தவிர வேறு எதையும் கொளுத்த நான் விட்டதுண்டா?” என்றாள்.

மகள் தந்த வண்டியில் அமர்ந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. பெட்ரோல் வண்டியின் உருளைகளுக்குள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சிறு வெடிப்புகள் நிகழ்கின்றன. அவ்வெடிப்புகளே வண்டியை உந்துகின்றன. அவ்வகையில் பெட்ரோல் வண்டியும் ஓர் ஓடும் பட்டாசு எனலாம். மின்வண்டியிலோ வெடிப்பும் இல்லை, புகையும் இல்லை. தரைக்கு மேலே, இருக்கைகளின் அடியில், மின்கலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் சேமித்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்ற, வண்டி ஓசையின்றி நகர்கின்றது. வாழ்நாள் முழுவதும் வெடிகளிடையே இருந்தவனுக்கு அந்த அமைதி புதுமையாக இருந்தது.

அந்நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இரண்டு நாள் நகருக்குள் பழகிக்கொண்டு, மூன்றாம் நாள் விடியலில் புறப்பட்டோம். வண்டியில் மின்னேற்றம் நூற்றுக்கு நூறு இருந்தது. ஹாலிங்டால் பள்ளத்தாக்கின் வழியே பைன் மரக் காடுகளையும், செந்நிற மரவீடுகளையும் கடந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் சென்று, யெய்லோ என்னும் மலையூரை அடைந்தோம். அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்போது மின்னேற்றம் நூற்றுக்கு 33 ஆகக் குறைந்திருந்தது.

யெய்லோவில் மின்னேற்றும் நிலையம் உண்டு. ஆனால் அன்று எல்லா இடங்களிலும் வண்டிகள் நின்றன. அவற்றின் பின்னே இரண்டு வண்டிகள் காத்திருந்தன. அடுத்த ஊராகிய ஐட்ஃபியோர் 90 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வண்டியின் முகப்பிலுள்ள திரையோ இன்னும் 130 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. இடையில் இருப்பது ஹார்டாங்கர்விட்டா என்னும் பரந்த மேட்டுநிலம். மேற்கே மேகம் திரண்டு வந்தது. ஒரு மணி நேரம் வீணே கழியுமே என்று எனக்குத் தோன்றிற்று.

“காத்திருந்து ஏற்றிக்கொண்டு போவோம்” என்றாள் என் மனைவி. எண்ணெய் பாதி இருக்கும்போதே அடுத்த டின் வாங்கி வைக்கும் இயல்பு அவளுடையது.

“கணக்குச் சரியாக இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் மிச்சமே இருக்கும்” என்றேன்.

“அவசரந்தான் முதல் தீப்பொறி என்று நீங்கள்தாமே சொல்வீர்கள்?”

“இது பட்டாசு அன்று, வெறும் வண்டி” என்று கூறிவிட்டு நான் வண்டியைச் செலுத்தினேன். அவள் மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊரைக் கடந்ததும் சாலை ஏறத் தொடங்கிற்று. சிறிது நேரத்தில் மரங்கள் குட்டையாகிப் பின்னர் இல்லாமலே போயின. பாறையும் பாசியும், ஆங்காங்கே ஈயத்தின் நிறத்தில் ஏரிகளுமே கண்ணுக்குத் தெரிந்தன. எதிர்க்காற்று வண்டியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல வீசிற்று. மழை பெய்யத் தொடங்கி, உயரம் கூடக்கூட ஈரப்பனியாக மாறியது. ஏற்றமும், எதிர்க்காற்றும், குளிரும், வண்டிக்குள் நாங்கள் வைத்திருந்த வெப்பமும் சேர்ந்து மின்சாரத்தைக் குடித்தன. குளிரில் மின்கலத்தின் ஆற்றலும் குறையும் என்று மகள் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரையில் தெரிந்த கணக்குச் சமநிலத்தில் ஓடிய நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதற்கு முன்னே உள்ள மலை தெரியாது. நானும் அதைப் போலவே கணக்கிட்டிருந்தேன்.

சாலையின் மிக உயர்ந்த பகுதி டூரனுத் என்னும் இடத்தின் அருகில், 1,240 மீட்டருக்கும் மேலே உள்ளது. அதை அடைந்தபோது மின்னேற்றம் நூற்றுக்கு ஒன்பது. ஐட்ஃபியோருக்கு இன்னும் 40 கிலோமீட்டர் இருந்தது.

என் மனைவி தன் சால்வையை எடுத்துப் பாதியைத் தான் போர்த்திக்கொண்டு, மறுபாதியை என் மடியில் விரித்தாள். பின்பு, மகள் காட்டித் தந்திருந்த பொத்தானைத் தானே அழுத்தி வண்டியின் வெப்பத்தை நிறுத்தினாள். “மெதுவாகப் போங்கள். மெதுவாகப் போனால் கொஞ்சம் போதும்” என்றாள். அவள் குரலில் சினம் இல்லை. அதுவே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அப்போது 1995ஆம் ஆண்டின் நினைவு எழுந்தது. தீபாவளிக்கு மூன்று வாரங்களே இருந்தன. சரக்கு லாரி வாயிலில் வந்து நின்றது. வானம் கருத்திருந்தது. “மழை வருமுன் இந்த ஒரு தட்டையும் முடித்துவிடு” என்று ஓர் இளைஞனிடம் சொன்னேன். அவனும் விரைந்தான். அவன் என் மனைவியின் தம்பி. அப்போது அவனுக்கு வயது 19. தீக்காயத்துடன் மதுரையில் மூன்று நாள் கிடந்து, அவன் கண் மூடினான். அவனை விரைவுபடுத்திய சொல் என்னுடையது என்பதை நான் என் மனைவியிடம் ஒருநாளும் கூறியதில்லை. அவளும் கேட்டதில்லை. 29 ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

காற்று வீசும் அம்மேட்டுநிலத்தில், யாருமற்ற சாலையில், நான் அதனை அவளிடம் சொன்னேன். ஏன் அங்கே சொன்னேன் என்பது எனக்கும் விளங்கவில்லை. வேறு எங்கும் சொல்ல இயலாமற்போனதே காரணமாக இருக்கலாம்.

அவள் நெடுநேரம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியும்” என்றாள். “தம்பி போனபிறகுதானே நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கினீர்கள்! அதற்கு முன்னே உங்கள் வாயில் நான் அதைக் கேட்டதே இல்லை. அன்றே தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுக்கும் மேலாக அதையே சொல்லி எத்தனை பிள்ளைகளை நீங்கள் காத்தீர்களோ, அதுவும் எனக்குத் தெரியும்.” சற்று நேரங்கழித்து, “இன்றைக்கு மட்டும் மறந்துவிட்டீர்கள்” என்றாள்.

நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த ஓரிரு வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். நூற்றுக்கு எட்டு, ஏழு, ஆறு. இந்த மேட்டுநிலத்தில்தான் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இடிமின்னலில் 323 காட்டுக் கலைமான்கள் ஒரே இடத்தில் மடிந்தன என்று மகள் கூறியிருந்தாள். மின்சாரமும் நெருப்பின் உடன்பிறப்பே. நம் வண்டியில் நெருப்பு இல்லை என்று நான் எண்ணியது முழு உண்மையன்று. அது மின்கலத்திற்குள் அடங்கியிருக்கின்றது. அடங்கிய ஆற்றல் எதுவாயினும் அதனிடம் பணிவும் பொறுமையும் வேண்டும்.

வோரிங்ஸ்ஃபோசன் என்னும் பெரிய அருவியின் அருகே சாலை சரியத் தொடங்கிற்று. மொத்தம் 182 மீட்டர் விழும் அவ்வருவியை நின்று காணும் மனநிலை அன்று எங்களுக்கு இல்லை. அங்கிருந்து மோபோ பள்ளத்தாக்கின் வழியே, மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகளுக்குள் வளைந்து வளைந்து சாலை இறங்குகின்றது. நான் முடுக்கியிலிருந்து காலை எடுத்தேன். அப்போது மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று நிகழ்ந்தது.

பெட்ரோல் வண்டி மலையிலிருந்து இறங்கும்போது தடையை அழுத்துகின்றோம். வண்டியின் வேகமெல்லாம் தடைத் தகடுகளில் வெப்பமாகி வீணாகின்றது. மின்வண்டியில் அவ்வாறன்று. சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. அப்போது அந்த மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்கலத்திற்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றது. ஏறும்போது செலவிட்டது முழுவதும் திரும்பாது. ஒரு பகுதியே திரும்பும். ஆயினும் அப்பகுதி அன்று எங்களுக்குப் பெரிதாயிற்று. ஆறு என்றிருந்த எண் சிறிது நேரம் அசையாமல் நின்று, ஏழாயிற்று. பள்ளத்தாக்கின் அடியில் எட்டாயிற்று. “கூடுகிறது!” என்று என் மனைவி சிறு பிள்ளையைப் போலக் கை தட்டினாள்.

ஐட்ஃபியோர் மலைகளிடையே நுழைந்த கடற்கழியின் கரையில் உள்ள சிற்றூர். மின்னேற்றும் இடத்தை அடைந்து, வண்டியில் முனையைச் செருகிவிட்டோம். கைப்பேசியின் வழியே பணம் செலுத்தும் முறை எனக்குப் பிடிபடவில்லை. அருகில் நின்ற ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, “ஐயா, நீங்கள் தமிழோ?” என்று வினவினார். யாழ்ப்பாணத்திலிருந்து 30 ஆண்டுகளுக்கு முன் வந்தவராம். 1956ஆம் ஆண்டில் குருநகரைச் சேர்ந்த அந்தோணி இராஜேந்திரம் என்பவர் நார்வேக்கு வந்து வாழ்ந்த பின்னர், அங்குத் தமிழர் தொகை மெல்லப் பெருகிற்று என்பதை அவர் வாயிலாக அறிந்தோம். பணம் செலுத்தும் முறையைக் காட்டித் தந்ததோடு, தம் குடுவையிலிருந்து எங்களுக்குத் தேநீரும் ஊற்றிக் கொடுத்தார்.

“எட்டோடையோ வந்தனீங்கள்? நல்ல காலம். யெய்லோவிலை எப்பவும் ஏத்திக்கொண்டுதான் மலையிலை கால் வைக்கவேணும், அம்மா. இந்த வண்டியிலை காத்திருக்கிறதும் பயணத்திலை ஒரு பங்குதான்” என்றார் அவர். என் மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் கூறவில்லை.

வண்டி மின்னேற்றம் பெற முக்கால் மணி நேரம் ஆயிற்று. கரையிலிருந்த பலகையில் அமர்ந்து, நீரைப் பார்த்திருந்தோம். அருகிலுள்ள மலைக்குள்ளே குடைந்து அமைத்த சீமா நீர்மின் நிலையம் இருப்பதாக அந்நண்பர் கூறினார். நார்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீரிலிருந்தே கிடைக்கின்றது. மலையில் எங்களைத் துன்புறுத்திய மழையே இங்கே எங்கள் வண்டிக்கு உணவாகின்றது என்று எண்ணியபோது சினம் தணிந்தது.

காத்திருப்பதை இழிவாக எண்ணியதற்கு நான் நாணினேன். உலகில் மோட்டார் வண்டியில் நெடுந்தொலைவு முதலில் சென்றவர் ஜெர்மனி நாட்டுப் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்சுக்கு முன்கூட்டிச் சொல்லாமலே, தம் மைந்தர் இருவரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலாக ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் விற்கும் நிலையம் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் எரிநீர்மம் வாங்கி ஊற்றினார். ஏற்றம் வந்தபோது மைந்தர்கள் இறங்கித் தள்ளினர். இன்று எங்கும் ஐந்து நிமிடத்தில் பெட்ரோல் கிடைக்கின்றதெனில், அதற்கு முன்னே எத்தனையோ பேர் காத்திருந்தனர். புதிய வழியில் முதலில் செல்வோர் காத்திருக்கவும் கற்றவர்களாக இருத்தல் வேண்டும்.

மறுநாள் 2013இல் திறக்கப்பட்ட ஹார்டாங்கர்த் தொங்குபாலத்தைக் கடந்தோம். இரு கோபுரங்களுக்கு இடையே மட்டும் அதன் நீளம் 1,310 மீட்டர். மாலையில் பெர்கன் நகரை அடைந்தோம். திரும்பும்போது அதே மேட்டுநிலத்தின் வழியே வந்தோம். ஐட்ஃபியோரில் நூற்றுக்கு 90 ஆகும் வரை காத்திருந்த பின்னரே ஏறினோம். அன்று வெயில் அடித்தது. அருவியருகே நிறுத்தி, மேலிருந்து இருவரும் பார்த்தோம். என் மனைவி தன் தம்பியின் பெயரைச் சொல்லி, “அவன் இருந்தால் இந்த இடத்தை விட்டு வரவே மாட்டான்” என்றாள். 29 ஆண்டுகளில் அவனைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து பேசிய முதல் நாள் அதுதான். அதன்பின் ஆஸ்லோ வரையில் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

ஊருக்குத் திரும்பியபோது தீபாவளிப் பரபரப்பு எங்கும் நிறைந்திருந்தது. எங்கள் பகுதியும் மாறிக்கொண்டுதான் வருகின்றது. எங்களைச் சுடுகின்ற அதே வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் 648 மெகாவாட் நிலையம், அண்டையிலுள்ள கமுதியில் 2016ஆம் ஆண்டு அமைந்தது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்கார் தொழிற்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. நெருப்பைக் கற்றுவர 1922இல் இளைஞர் இருவர் கல்கத்தா சென்றனர். இனி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறு தொழில்களைக் கற்கவும் செல்வர், மீள்வர். எத்தொழிலாயினும் ஒன்று மட்டும் மாறாது என்பதை நான் அறிவேன்.

நான் பணியாற்றிய ஆலையின் புதிய போர்மேன் சென்ற ஆண்டு என்னை அழைத்து, தொழிலாளர்களிடம் சில சொற்கள் பேசுமாறு கேட்டுக்கொண்டார். முன்பு அச்சொல்லை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். இம்முறை அது யாரால் எனக்குக் கிடைத்தது என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் என் மனைவி அமர்ந்திருந்தாள்.